பூட்டாத விலாசம்

அக்கா கதவைச் சாத்த மாட்டார். அவரோடு எனக்கு இருந்த சண்டையெல்லாம் அது ஒன்றுதான்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் மன்னார் பட்டினத்தில் நான் ஒரு கொமினிகேசன் நடத்தினேன். நாலு கொம்பியூட்டர், இரண்டு தொலைபேசிக் கூடு, ஒரு ஏசி. ஏசி மனிதருக்காகப் போட்டதல்ல. உப்புக்காற்றும் மணலும் உள்ளே புகுந்தால் கொம்பியூட்டர் அதிக நாள் தாங்காது. அதனால் கண்ணாடிக் கதவில் சிவப்பு எழுத்தில் ‘கதவைச் சாத்தவும்’ என்று ஒட்டி வைத்திருந்தேன். வருகிற எல்லோரும் சாத்தினார்கள். இவர் மட்டும் கதவை விரியத் திறந்து விட்டு, தன்பாட்டில் வந்து கதிரையில் இருந்துவிடுவார்.

“அக்கா, கதவு.”

“ஓம் தம்பி, திறந்துதான் கிடக்கு.”

நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒருநாள் அவர் திறந்துவிட்ட கதவால் ஒரு கழுதை உள்ளே வந்து, தொலைபேசிக் கூட்டுக்குள் தலையை நீட்டியது. கட்டாரில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் போட்ட சத்தத்தில் சந்திக் காவலரணில் நின்ற பொலிஸ்காரனே எட்டிப் பார்த்தான். நான் கழுதையைத் தள்ளி வியர்த்துக்கொண்டிருக்க, அக்கா கதிரையில் இருந்தபடி சிரித்தார்.

“அதுக்கும் ஆரோடயோ கதைக்கக் கிடக்காக்கும். விடுங்கோ தம்பி.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கடற்கரையில் நண்டைச் சுத்தம் செய்து பொதி கட்டும் வாடி ஒன்றில் வேலை. நண்டின் கால் கிழித்த கோடுகள் விரலெல்லாம் இருக்கும், அதன் மேல் மஞ்சள் அப்பியிருப்பார். அந்த விரல்களில் ஒன்றால்தான் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். போகும்போது சேலைத் தலைப்பால் விசைகளைத் துடைத்துவிட்டுப் போவார். மணம் போகாது. சனிக்கிழமைகளில் மூலைக் கொம்பியூட்டர் அவருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அதில் வேறு யாரும் இருக்க விரும்புவதுமில்லை.

எதையும் மூடிவைக்காத பிறவி அவர். கைப்பையின் சிப் நன்றாகத்தான் இருந்தது, அதை அவர் இழுத்து நான் காணவில்லை. வீட்டுக் கதவும் அப்படித்தான். பகலில் வேலைக்குப் போனாலும் திறந்து கிடக்கும், படுக்கும்போதும் திறந்து கிடக்கும். ஆடு வந்து அரிசியைத் தின்றுவிட்டுப் போகும். ஒழுங்கைச் சனம் முதலில் சிரித்தது. பிறகு சண்டை மறுபடி தொடங்கி, ஆட்களைக் கடத்திப்போகிற வெள்ளை வான் ஓடத் தொடங்கியதும், சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் இந்த நாளில் கதவைத் திறந்துபோட்டுப் படுக்கிறாள் என்றால் யாரோ வந்து போகிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது. சிவில் உடுப்பில் இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“ஏன் கதவு பூட்டுறது இல்லை? யாருக்கு திறந்து வச்சிருக்கு?”

“என்ர மனுசனுக்கும் பிள்ளைக்கும்.”

“மனுசன் எங்க?”

“அதை நீங்கள்தான் ஐயா சொல்லோணும்.”

இதை அவரே வந்து என்னிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல.

கணவரின் கதையை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை. இணைப்பு எடுபடாமல் மெஷின் கரகரத்துக்கொண்டிருந்த நேரம், திரையைப் பார்த்தபடியே சொன்னார். மகன் அப்போது கைக்குழந்தை. கணவர் கடலுக்குப் போயிருந்தார். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலைப் பூசைக்குப் புறப்பட்டவர், வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பூசை நடக்கும்போதே ஆமி ஊரைச் சுற்றிவளைத்துவிட்டது. கரைக்கு வந்த கணவர் வலையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். கதவில் ஆமைப்பூட்டு. அயல் வீடுகளெல்லாம் உள்ளால் தாழ் போட்டிருந்தார்கள், ஒருவரும் திறக்கவில்லை. முன்வீட்டுக்காரி யன்னல் நீக்கலால் பார்த்தாளாம். இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே கொண்டுபோனார்களாம்.

“பூசை முடிஞ்சு வந்து பாக்கிறன், பூட்டில மீன் செதில் ஒட்டிக் கிடக்குது தம்பி. திறந்து கிடந்திருந்தால் உள்ளால ஓடிப் பின்வேலியால போயிருப்பார். வேலி பிரிஞ்சுதான் கிடந்தது.”

அந்தப் பூட்டைக் கடலில் எறிந்துவிட்டார். அதன் பிறகு இடம்பெயர்ந்து போனபோதும் பூட்டவில்லை. திரும்பி வந்தபோது பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்கெல்லாம் கதவே இல்லை, நிலையோடு பிடுங்கிப் போயிருந்தார்கள். இவருடைய கதவு மட்டும் திறந்தபடி அப்படியே நின்றது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரியும்.

இவருக்கு மின்னஞ்சல் விலாசம் திறந்து கொடுத்தது மகன்தான், என் கடையில், அதே மூலை மெஷினில். மெல்லிய பொடியன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பக்கமும் இருந்தார்கள், அந்தப் பக்கமும் இருந்தார்கள். தாய் ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டார். வழியில் பிடிபட்டால் ஆபத்து, கடதாசித் துண்டுகூடக் கொண்டுபோகக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அதனால் விலாசமும் கடவுச்சொல்லும் மனப்பாடம். ஞானோபதேசம் ஒப்புவிக்க வைப்பதுபோல அவனை என் கடையில் நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார் அக்கா. கடைக்கு வந்திருந்த ஆட்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொல் அவர்களுடைய பழைய வள்ளத்தின் பெயர். அந்தோனியார். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று எங்கள் கரையில் பாதி வள்ளங்களுக்கு அவர் பெயர்தான். வள்ளக்காரக் குடும்பங்கள் என் கடையில் திறந்த கணக்குகளில் பாதிக்கு அவரவர் வள்ளப் பெயர்தான் கடவுச்சொல். கடற்கரையில் முழ எழுத்தில் வர்ணம் பூசி எழுதிவைத்திருப்பதை இரகசியமாக வைத்திருந்த சனம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். நான் தலையிலடித்துச் சொன்னேன், கேட்டால்தானே. அக்கா இன்னும் ஒருபடி மேலே போனார். வெளிநாடு போகிற யாரைக் கண்டாலும் விலாசத்தோடு அந்தச் சொல்லையும் சேர்த்தே கொடுத்தனுப்பினார்.

“அவையள் எங்கயாவது பிள்ளையக் கண்டால் நேர உள்ளுக்கு வந்து எழுதி வைக்கலாம்தானே?”

மகன் வழியிலிருந்து ஒன்றிரண்டு தடவை எழுதினான். கடைசிக் கடிதம் பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்தது. எந்த நாடு என்று எழுதவில்லை. அதை நானே அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அம்மா, இனிக் கொஞ்ச நாளைக்கு எழுத ஏலாது. விலாசம் தெரியக் கூடாது எண்டு சொல்லுறாங்கள். ஆனா வசதி கிடைக்கிற இடத்தில திறந்து பாப்பன். நீங்கள் எழுதி வையுங்கோ, நான் வாசிப்பன்.’

அன்றிலிருந்து அக்கா தன் விலாசத்துக்கே தான் கடிதம் அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று. அது அவருடைய பெட்டிக்கே வந்து கிடக்கும். மகன் எந்தத் தேசத்திலிருந்தாவது பழைய சொல்லைப் போட்டுத் திறந்தால், தாய் எழுதியதெல்லாம் அங்கே இருக்கும். மேசையில் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுப் போகிற தாய்மார் செய்வதுபோலத்தான். வாசிக்காத கடிதம் கறுத்த எழுத்தில் தடித்திருக்கும், யாராவது திறந்தால் மெலிந்துவிடும் என்று ஒருநாள் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு தன் கடிதங்களை அவர் தவறியும் திறப்பதில்லை. வந்ததும் வராததுமாக மூக்கைத் திரையில் முட்டிக்கொண்டு பார்ப்பார்.

“கறுப்பாத்தான் கிடக்கு, என்ன தம்பி?”

“ஓம் அக்கா.”

“சரி. பனியாக்கும் அங்க.”

எழுதுவதும் பெரிய விசயமில்லை. கழுதைக்குட்டி ஒன்று வளவுக்குள் வந்து படுப்பது, திருக்கேதீச்சரப் பக்கம் போன பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினது, கோயில் கொடியேற்றத்துக்கு ஆட்கள் குறைவு, இப்படி. ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவார். சில சொற்களுக்கு என்னிடம் எழுத்துக் கேட்பார். ‘கதவு திறந்து கிடக்கு’ என்று ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு வரி. அதற்கு மட்டும் எழுத்துக் கேட்பதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் பெட்டியைத் திறந்துவிட்டு எழும்பி நின்றார். நான் போய்ப் பார்த்தேன். அத்தனை கடிதமும் மெலிந்து கிடந்தது, முதலாவதிலிருந்து கடைசி வரை.

“வாசிச்சிட்டான்!” என்று கத்தினார். “தம்பி, பிள்ளை எல்லாத்தையும் வாசிச்சிட்டான்!”

கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சந்திக்கடையிலிருந்து டொபி வாங்கி வந்து கொடுத்தார். காவலரணில் நின்ற பொலிஸ்காரனுக்கும் ஒன்று. என் தலையைத் தடவி அழுதார். நானும் அழுதேன், பொய் சொல்ல என்ன இருக்கிறது. கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த கிழமைக்குள் கோயில் சபைச் செயலாளர் என் கடைக்கு வந்தார். நாலாக மடித்த கடதாசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, படம் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார். ஆண்களுக்கான மாத்திரை விளம்பரம். அனுப்பியவர் இடத்தில் அக்காவின் பெயர்.

“இது என்ன தம்பி கூத்து? பாதருக்கும் போயிருக்கு. கன்னியர் மடத்துக்கும் போயிருக்கு!”

“அவ அனுப்பேல்ல ஐயா. ஆரோ கள்ளன் அவவின்ர பெட்டிக்குள்ள பூந்து, அதில இருக்கிற விலாசம் எல்லாத்துக்கும் அனுப்புறான்.”

“கள்ளனுக்கு இவவின்ர பெட்டிதானோ கிடைச்சது? வீட்டைத் திறந்துபோட்டுப் படுக்கிற பொம்பிளை…”

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லாத அந்த மிச்சத்துக்காக அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சனம். அக்காவுக்கு அங்கே ஒன்றுவிட்ட அண்ணன்மாரும் மச்சாள்மாரும் ஏராளம். மகனை எங்காவது கண்டீர்களா, யாரிடமாவது விசாரிப்பீர்களா என்று ஒவ்வொருவருக்கும் மன்றாடி எழுதியிருக்கிறார், அனுப்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு வரி பதில் வந்ததில்லை. இப்போது வந்தது. மாத்திரை விளம்பரத்துக்குப் பந்தி பந்தியாக, பெரிய எழுத்தில், ஆச்சரியக்குறிகளோடு பதில் எழுதினார்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டார்களாம், வேலைத்தலத்தில் மானம் போய்விட்டதாம். கனடாவிலிருந்து அவருடைய சின்னம்மாவின் மகன் என் கடைக்கே தொலைபேசி எடுத்தார்.

“அவவுக்குச் சொல்லும், உந்த ஈமெயிலை மூடச் சொல்லி. இல்லாட்டி நாங்கள் எல்லாரும் அவவைத் தடை செய்துபோடுவம்.”

“அவவின்ர மகனைப் பற்றி ஏதும் தெரியுமோ அண்ணை? அவ அதைத்தான் கேட்டு எழுதினவ.”

“அதை விடும். முதல்ல இதை நிப்பாட்டும்.”

தொலைபேசியை வைத்தபிறகுதான் எனக்கு அது உறைத்தது. எல்லாக் கடிதங்களையும் திறந்தது யார் என்பது. பெட்டிக்குள் விலாசம் தேடி வந்தவன் ஒன்றும் விடாமல் திறந்து பார்த்திருக்கிறான். டொபி தின்ற வாய் கசந்தது.

அக்காவிடம் அதைச் சொல்லாமல் விடவும் வழியில்லை. ஒழுங்கைச் சனம் அவர் முகத்துக்கு நேரே பேசத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை அவர் வந்து இருந்ததும் சொன்னேன். விளம்பரங்களை, கள்ளனை, மெலிந்த எழுத்துகளை, எல்லாவற்றையும்.

“கள்ளன் ஏன் தம்பி நான் கழுதைக்குட்டியப் பற்றி எழுதினதை வாசிக்கிறான்?”

“அவன் வாசிக்கேல்ல அக்கா. திறந்தவன், அவ்வளவுதான்.”

“அப்ப பிள்ளை வாசிக்கேல்ல எண்டு உங்களுக்கு நிச்சயமோ?”

நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கள்ளன் வந்து போன பெட்டிக்குள் மகனும் வந்து போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

“பாஸ்வேட்டை மாத்துவம் அக்கா. மாத்தினால் கள்ளன் வர ஏலாது.”

“பிள்ளையும் வர ஏலாது.”

“விலாசம் அதேதானே. அவர் எழுதினால் வரும்.”

“எழுத ஏலாது எண்டுதானே எழுதினவன்? வாசிக்க மட்டும்தானே அவனுக்கு வழி? தம்பி, பூட்டினால் கள்ளன் யன்னலால வருவான். பிள்ளைக்கு யன்னலால வரத் தெரியாது.”

நான் கோபப்பட்டேன். ஊரெல்லாம் என்ன கதைக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, திட்டி எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒற்றை விரலால் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ‘அது என் பெயரில் வந்த வேறு ஆளின் கடிதம், கோபிக்க வேண்டாம், என் மகனைக் கண்டால் அம்மா அதே விலாசத்தில்தான் இருக்கிறா என்று சொல்லுங்கோ.’ எல்லோருக்கும் இதே கடிதம். அதற்கு மீண்டும் பழைய மௌனம்தான். சிலருக்கு அனுப்பியது போய்ச் சேராமல் திரும்பி வந்தது, சொன்னபடியே தடுத்துவிட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவதாகச் சொன்ன கொழும்புக் கந்தோர் ஒன்றும் அப்படித் தடுத்தவர்களில் சேர்த்தி. கோயிலில் அவர் இருந்த வாங்கில் மற்றப் பெண்கள் தள்ளி இருக்கத் தொடங்கினார்கள். யார் என்று தெரியாத ஒருவன் எங்கேயோ இருந்து செய்த வேலைக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தியைத் தண்டித்தார்கள். எங்கள் ஊருக்கு அது பழக்கமான வேலைதான். யாரோ ஒருவன் கல்லெறிந்தால் பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அதையே பழகிவிட்டோம்.

கடைசியில் அந்தப் பெட்டியை மின்னஞ்சல் கொம்பனிக்காரனே பூட்டிவிட்டான். விளம்பரம் அனுப்புகிற கணக்கு என்று அவனுடைய மெஷின் முடிவு செய்திருக்க வேண்டும். சனிக்கிழமை அக்கா பழைய சொல்லைத் தட்டினார், திறக்கவில்லை. மறுபடி தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்கவில்லை.

திரையில் ஒரு கேள்வி கேட்டிருந்தது. சிறுவயதில் முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன? கணக்குத் திறந்த அன்று மகன் போட்டுவைத்த விடை சொன்னால்தான் மேலே போகலாம். அக்கா யோசிக்கவேயில்லை.

“ராசா. கழுதைக்குட்டி. தாய் கண்ணிவெடியில செத்த குட்டி, இவன்தான் போத்தில்பால் பருக்கினவன்.”

ராசா சரியாக இருந்தது. அந்தக் கேள்வி இனிச் செல்லாது என்று சொல்லிக்கொண்டு அடுத்த பக்கம் வந்தது. புதிய கடவுச்சொல் ஒன்று போடச் சொல்லிற்று.

“பழசையே போடுங்கோ தம்பி.”

போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் மாற்றினது என்னவென்று மகனுக்கு எப்படித் தெரியும்? அவர் தலையை ஆட்டினார்.

“போடாமல் விட்டால்?”

“கணக்கு இப்பிடியே பூட்டிக் கிடந்து அழிஞ்சுபோகும் அக்கா. அவர் எழுதினாலும் வந்து சேராது.”

நான் சொன்னது முழுக்கச் சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் மஞ்சள் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்ட அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மற்ற மெஷின்களில் இருந்த ஆட்கள் எழும்பிப் போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். பிறகு அவர் குனிந்து ஒற்றை விரலால் ஏதோ தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருடைய கடவுச்சொல் எனக்குத் தெரியாமல் போனது அன்றுதான்.

பெட்டி திறந்தது. மகனிடமிருந்து ஒன்றுமில்லை. பழைய கடிதங்கள் எல்லாம் மெலிந்த எழுத்தில் அப்படியே கிடந்தன.

“இனி அவன் பழைய சொல்லைப் போட்டால் என்ன தம்பி காட்டும்?”

“பிழை எண்டு காட்டும் அக்கா.”

“அம்மா மாத்திப்போட்டா எண்டு காட்டாதோ?”

“இல்லை. பிழை எண்டு மட்டும்தான்.”

அவர் சேலைத் தலைப்பால் விசைகளைத் துடைத்தார். வழமையை விட நேரமெடுத்துத் துடைத்தார்.

“அண்டைக்குத் தகப்பன் வரேக்க பூட்டிக் கிடந்தது. இப்ப பிள்ளைக்கும். ரெண்டு தரமும் பூட்டினது நான்தான்.”

கள்ளன், கொம்பனி, ஆமி, ஏஜென்சிக்காரன், கனடாக்காரர், செயலாளர் என்று எத்தனையோ பேரை என்னால் சொல்லியிருக்க முடியும்.

அவர் கைப்பையை எடுத்து, சிப்பை இழுத்து மூடினார். கடையைவிட்டு வெளியே போனவர் நின்று, திரும்பி, கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார். எத்தனையோ நாள் அதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். அன்று அந்தக் கதவு சாத்திக் கிடந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.